ஒரு டீஸ்பூன் சர்க்கரை

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ சொன்னால், கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழும். பத்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த டீயைக் குடிப்பவரின் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரையைப் பிரித்து எடுத்தால் எவ்வளவு தேறும்? யாரைக் கேட்டாலும் கால் கிலோ, அரைக் கிலோ என்று தாராளமாகச் சொல்வார்கள். கணக்கு எளிதுதான். வளர்ந்த ஓர் ஆளுக்கு ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். வெறும் வயிற்றில் 100 மில்லி ரத்தத்துக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தால், மொத்தம் நாலரை கிராம். ஒரு டீஸ்பூன், அதுவும் தலை தட்டி.

வெறும் வயிற்றில் 126 வந்தால் சர்க்கரை நோய் என்கிறது மருத்துவம். அதே கணக்கில் அது 6.3 கிராம். 100க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்கிறார்கள். அது 5 கிராம். ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் நடுவே கிடப்பது சுமார் ஒன்றேகால் கிராம் சர்க்கரை. இரண்டு விரலால் கிள்ளி எடுக்கலாம். இந்த ஒரு கிள்ளுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத்தான் ‘பார்டர்ல இருக்கீங்க’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். புத்தகத்தில் அதற்குப் பெயர் முன்நீரிழிவு. மலையிலும் சமவெளியிலும் ஜனங்கள் சொல்வது பார்டர் சுகர்.

ஒரு தட்டுச் சோற்றில் எழுபது, எண்பது கிராம் மாவுச்சத்து இருக்கும். அத்தனையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது. இருப்பு ஒரு டீஸ்பூன், வரத்து பதினைந்து டீஸ்பூன். அப்படியிருந்தும் நல்ல உடம்பில் அளவு 140ஐத் தாண்டுவது அபூர்வம். இரண்டு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். நாம் சோறு உண்டு ஏப்பம் விட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் நடக்கும் வேலை இது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் தசைக்குப் போய்ச் சேர்ந்ததும், தசைச் செல்லுக்குள்ளே சுருண்டு கிடக்கும் ஒருவகைப் புரதங்கள் மேற்பரப்புக்கு ஏறி வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. கல்லீரல் தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கிச் சேமிக்கிறது. அதோடு, தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும் வேலையையும் தற்காலிகமாக நிறுத்திக்கொள்கிறது. இன்சுலின் தூண்டுதலில் நடக்கும் இந்தச் சர்க்கரை வரவில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. உடம்பின் மிகப் பெரிய சர்க்கரைக் கிடங்கு நம் தொடையும் முதுகும் புஜமும்தான்.

பார்டர் சுகரில் முதலில் கெடுவது இந்த ஏற்பாடு. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சொல்வது அங்கே சரியாக எடுபடாது. முன்பு ஒரு பங்கு இன்சுலினில் நடந்த வேலைக்கு இப்போது இரண்டு பங்கு வேண்டியிருக்கிறது. கணையம் அதையும் சுரந்து கொடுத்துவிடுகிறது. போளூரிலிருந்து மலையேறும் லோடு லாரியைப் பார்த்திருப்பீர்கள்: கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் இன்ஜின் அலறும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்ப்பது வண்டியின் வேகத்தை மட்டும். அலறல் பல ஆண்டுகள் கேட்கப்படாமலே நடக்கிறது. எண் 100ஐத் தாண்டும்போது பீட்டா செல்கள் களைக்கத் தொடங்கி வெகுநாளாகியிருக்கும்.

இந்தியாவில் இப்படி எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ‘இன்டியாப்’ ஆய்வு 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகப் போய் 1,13,043 பேரைச் சோதித்தது. முடிவுகள் 2023 ஜூனில் வெளிவந்தன. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய், 15.3 பேருக்கு பார்டர் சுகர். தலைக்கணக்கில் 10.1 கோடியும் 13.6 கோடியும். வெறும் வயிற்று அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் 110ஐ எல்லையாக வைத்திருக்கிறது, அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100ஐ. இந்த ஆய்வு எடுத்தது 110. அமெரிக்கக் கோட்டை எடுத்திருந்தால் 13.6 கோடி என்பது இன்னும் வீங்கியிருக்கும்.

அன்று எல்லாரும் தலைப்பாக எடுத்துக்கொண்டது 10.1 கோடியை. எனக்கு அந்த அட்டவணையில் கண் நின்றது வேறிடத்தில். சர்க்கரை நோய் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9, நாம் நினைத்துக்கொண்டிருப்பதைப் போலவே ஏறக்குறைய பாதி. பார்டர் சுகர் நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வித்தியாசமே இல்லை. நகரத்து நோய், உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நோய், வசதிக்காரன் நோய் என்று சொல்லிப் பழகிய ஒன்று, அதன் முந்தைய படியில் ஊர் வித்தியாசம் பார்க்கவில்லை. ஜவ்வாது மலை போன்ற இடத்தை வைத்து இந்த விஷயத்தைப் பேச வேண்டியிருப்பது இதனால்தான். காடும் சாமைக்கொல்லையும் பலாவும் தேனும், ஏற்ற இறக்கத்தில் நடந்தே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். ‘இங்கே எல்லாம் சுகர் எங்கிருந்து வரும்?’ என்று சமவெளிக்காரர் கேட்கத் தோன்றும் இடம்.

ஒல்லியாக இருக்கிறார்களே என்பது அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் முதல் தப்புக்கணக்கு. 2004இல் ‘லான்செட்’ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க இருவருமே ஒல்லி. நம் உடம்பு தசையில் கஞ்சத்தனமும் கொழுப்பில் தாராளமும் காட்டும் உடம்பு, அதுவும் வயிற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். யாஜ்னிக் குழு புனேப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டது. இங்கே சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. நம் குழந்தைக்குக் குறைந்திருந்தது தசையும் வயிற்று உறுப்புகளும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய் அரைவயிறு உண்டால் குழந்தை கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு தசையை விட்டுக்கொடுத்துப் பிறக்கிறது. பின்னாளில் அந்தக் குழந்தை வளர்ந்து தினம் மூன்று வேளை வெள்ளைச் சோறு உண்ணும்போது, அதை வாங்கி வைக்கக் கிடங்கு சிறியதாக இருக்கிறது. பட்டினியும் மிகுதியும் ஒரே ஆயுளில் அடுத்தடுத்து வந்த மக்களுக்கு இது மிக மோசமான சேர்க்கை. மலைக்கிராமங்களில் அப்படி வந்திருக்கிறது.

இரண்டாவது தப்புக்கணக்கு உணவில். ஜவ்வாது மலை என்றாலே சாமை என்பார்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையமே இருக்கிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் சாமையில் மாவுச்சத்து சுமார் 65 கிராம், நார்ச்சத்து ஏழுக்கு மேல். தீட்டிய அரிசியில் மாவுச்சத்து 78, நார்ச்சத்து மூன்றுக்குக் கீழ். நல்லதுதான். ஆனால் 65 என்பதும் மாவுச்சத்துதான், காற்று அல்ல. ‘சாமை சாப்பிட்டேன், சுகர் போச்சு’ என்று வீடியோ போடுகிறவர்கள் இந்த எண்ணை மட்டும் சொல்வதில்லை.

அதைவிட முக்கியம், சாமை எப்படி அரிசியாகிறது என்பது. சாமையின் உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்துத்தான் வீட்டுப் பெண்கள் அதை அரிசியாக்கினார்கள். உமி போகும், தவிடு பாதியாவது தங்கும். குத்துகிறவரின் தோளும் முதுகும் தொடையும் சேர்ந்து வேலை செய்யும். இங்கே உடலியலின் ஓர் அழகான விஷயம் வருகிறது: சுருங்கி விரியும் தசைக்குச் சர்க்கரை வாங்க இன்சுலினே தேவையில்லை. முன்பு சொன்ன அந்தப் புரதங்கள், வேலை செய்யும் தசையில் இன்சுலினைக் கேட்காமல் தாமாகவே மேலே ஏறி வருகின்றன. இன்சுலின் எடுபடாமல் போன உடம்பிலும் இந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. வேலை முடிந்து பல மணி நேரம் வரை அந்தத் தசை இன்சுலின் சொல்லையும் கூடுதலாகக் கேட்கிறது. ஆக, உலக்கை போட்ட வீட்டில் உணவும் மருந்தும் ஒரே உரலில் தயாரானது.

இதைச் சொன்னால் உடனே ‘பழைய காலமே பொற்காலம்’ என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. அவர்களில் யாரும் ஒரு மணி நேரம் சாமை குத்திப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. இதே மலையாளி மக்கள் வாழும் கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலம் மரவள்ளிக்கிழங்குக்குக் கைமாறியதற்கு, குத்தித் தீட்டும் பாடு ஒரு பெரிய காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியத்தை மீட்கப் புறப்பட்டபோது ஊர்களில் அரவை மெஷின்களைக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. மெஷின் வந்தது பெண்களுக்கு விடுதலை. கூடவே அளவுக்கு மீறித் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கும் வசதியும் வந்தது. தவிடு போன சாமை, அரிசியின் பங்காளிதான்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து இலவசம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆவணி மாதப் பஞ்சத்தில் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும்போது, வீட்டில் அரிசி இருப்பது என்னவென்று வயிறு காய்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இலவசமாக வருவது அரிசி. பருப்பும் முட்டையும் கீரையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. தட்டின் பெரும்பகுதியை எது நிரப்பும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. செய்த ஆராய்ச்சியும் அதையே சொன்னது: இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது.

சரி, யாருக்கு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்டர் சுகர் வலிக்காது, தாகம் எடுக்காது, எடை குறையாது. சிலருக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்து, வெல்வெட் போல ஆகும். அது இன்சுலின் மிதமிஞ்சிச் சுரப்பதன் அடையாளம். அதை அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறவர்களே அதிகம். மற்றபடி ரத்தம் எடுத்தால்தான் தெரியும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, அல்லது ஜனங்கள் ‘மூணு மாச சுகர்’ என்று சொல்லும் எச்.பி.ஏ.1சி 5.7 முதல் 6.4 வரை. மூன்றும் ஒரே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றில்லை. வெறும் வயிற்று எண், இரவெல்லாம் கல்லீரல் எவ்வளவு குளுக்கோஸை அவிழ்த்துவிட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்கிறது. இரண்டு மணி நேர எண் தசையின் கதையைச் சொல்கிறது. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று திரும்புகிறவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவதில் மாட்டியிருப்பார்கள்.

மூன்று மாதச் சராசரியை ஒரே குத்தில் சொல்லும் எச்.பி.ஏ.1சி, மலைக்கு ஏற்றது போலத் தோன்றும். பட்டினி இருக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். சிக்கல் என்னவென்றால் அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அந்த அளவு பொய்யாகக் கூடும். சிவப்பணு சீக்கிரம் அழிந்துபோகும் நோய்களில் பொய்யாகக் குறையும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தச் சீட்டை நம்புவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சென்னை மருத்துவர் வி.சேஷையா செய்த ஒரு காரியம் மலைக்கிராமங்களுக்கென்றே யோசித்தது போல இருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிய வெறும் வயிற்றோடு வரச் சொல்வதுதான் உலக வழக்கம். விடிகாலையில் பசியோடு பஸ் பிடித்து வரும் கர்ப்பிணி ஒருமுறை வருவாள். ‘நாளைக்குச் சாப்பிடாமல் வா’ என்றால் திரும்ப வருவாளா? அவர் முன்வைத்த முறையில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை: 75 கிராம் குளுக்கோஸ் கொடு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடு, 140 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை தொடங்கு. 2007இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை என்று ஆணையிட்டது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்து பிரசவத்தோடு போய்விட்ட பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. பிள்ளை பெற்றதும் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அது அவளுடைய அடுத்த இருபது வருஷத்துக்கான சீட்டு.

வீடு தேடி வரும் ஏற்பாடும் இப்போது இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாசலிலேயே பிரஷரும் சுகரும் பார்க்கிறது, மாத்திரை கொடுக்கிறது. விரல் நுனியில் குத்தும் அந்தச் சின்ன மெஷின் முற்றிய சர்க்கரையைப் பிடிக்கும். பார்டரைப் பிடிப்பது அதற்குச் சிரமம். சாப்பிட்டு எத்தனை நேரமாயிற்று என்று எழுதாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?’ என்ற ஒரு கேள்வியும் அதற்கொரு கட்டமும் அந்த நோட்டில் கூடினால் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் அபிப்பிராயம்.

பார்டரில் இருப்பதால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். சென்னையில் ஒரு கூட்டத்தினரைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில் பார்டரில் இருந்தவர்களில் 58.9 சதவீதம் பேர் சர்க்கரை நோய்க்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் போகவில்லை. ஆனால் சில சேதங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், இன்னும் சர்க்கரை நோய் வராதவர்களின் கண்ணைச் சோதித்தபோது நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் விழித்திரையில் சர்க்கரை நோய்க்கே உரிய சேதம் தொடங்கியிருந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த கணக்கு ஒன்று, பார்டரில் இருப்பவர்களுக்கு இதய ரத்தநாள நோய் வரும் அபாயம் சுமார் 15 சதவீதமும் இறப்பு அபாயம் 13 சதவீதமும் கூடுதல் என்றது. கல்லீரலில் கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு இவையெல்லாம் கூட்டாகவே வருவதால் எந்தக் குற்றம் யாருடையது என்று பிரிப்பது கடினம்.

இந்த இடத்தில் ஒரு சண்டையையும் சொல்லிவிட வேண்டும். 13.6 கோடி பேருக்கு ஒரு நோய்ப் பெயரை ஒட்டுவது நியாயமா? லான்செட் படம் வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2014இல், அதே ஜான் யுட்கின் விக்டர் மோன்டோரியோடு சேர்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தகைய கேள்வியை எழுப்பினார்: ஆரோக்கியமானவர்களை நோயாளி ஆக்குகிறீர்கள், மாத்திரைக் கம்பெனிகளுக்குச் சந்தை பிடிக்கிறீர்கள், மாற வேண்டியது உணவும் ஊரும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நகரத்து வீடுகளில் பார்டர் என்று கேட்ட நாளிலிருந்து பழத்தைக்கூடப் பயந்து பார்க்கிறவர்களை நான் அறிவேன். ஆனாலும் யுட்கினின் 9.1 சதவீத உடம்புக்கு ஒத்துவரும் நிதானம் யாஜ்னிக்கின் உடம்புக்கு ஒத்துவருமா என்பது எனக்குச் சந்தேகம். நம்மவர்கள் பார்டரில் அதிக நாள் நிற்பதில்லை.

அதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் ஏ.இராமச்சந்திரன் குழு பார்டரில் இருந்த 531 பேரை நான்காகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களில் மூன்றே ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5, சேர்த்ததால் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை. நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கும் வரி வேறு: உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சராசரி எடை குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போயிற்று. குறைக்க எடையே இல்லாத மலைக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அவர் இறக்க வேண்டியது தராசு முள்ளை அல்ல. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பயறையும் கீரையையும் ஏற்றி, உண்டபின் கால் மணி நேரம் நடந்து, தசைக்கு வேலை கொடுத்தால் போதும். மருத்துவர் வி.மோகன் குழு 578 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட மற்றொரு சென்னை ஆய்வில், தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் சேர்த்து, அபாயம் 32 சதவீதம் குறைந்தது. அதில் உணவுக்குப் பிந்தைய அளவு கூடியிருந்தவர்களுக்கு நல்ல பலன். வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியிருந்தவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. தசைக் கோளாறு நடைக்கு இசைகிறது, கல்லீரல் கோளாறு அவ்வளவு எளிதில் இசைவதில்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

சீனாவின் எண்ணெய்க் கிணற்று நகரமான தாச்சிங்கில் 1986இல் 577 பேரோடு தொடங்கிய ஆய்வு, ஆறு வருஷம் உணவும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற இதய ரத்தநாளக் கோளாறுகள் 26 சதவீதம் குறைந்திருந்தன, ஆயுள் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்தது.

அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் இருந்தவர்களை 2012இல் மறுபடி அலசியபோது இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரே ஒரு முறையாவது அளவு நார்மலுக்குத் திரும்பியவர்களுக்கு, பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, திரும்பவே திரும்பாதவர்களைவிட 56 சதவீதம் குறைவு. அப்படித் திரும்பியது நடையாலா மாத்திரையாலா, அல்லது எதுவுமே செய்யாமல் தானாக நடந்ததா என்பது பெரிதாக வித்தியாசப்படவில்லை. களைத்த பீட்டா செல்லுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, கணக்கு அவ்வளவே.